முகம் தெரியாது, டீச்சர்

விசில் டீச்சர் எங்கள் ஊரைவிட்டுப் போனது ஒரு செவ்வாய்க்கிழமை. அன்றைக்குத்தான் நகராட்சி நீச்சல் குளத்தில் தண்ணீரை இறைத்துவிட்டுத் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். பேருந்து நிலையத்துக்குப் போகிற வழியில் டீச்சர் பைகளைக் கீழே வைத்துவிட்டுக் கம்பி வேலிக்கு வெளியே நின்றார். தண்ணீர் இல்லாத குளம் பார்க்க ரொம்பச் சின்னதாக இருந்தது. அடியில் யாரோ தொலைத்த நீச்சல் கண்ணாடி ஒன்று கிடந்தது.

அக்காவும் நானும் சாலையின் எதிர்ப்பக்கம் நின்றிருந்தோம். கிட்டே போகலாம் என்று அவள் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் நகரவில்லை. டீச்சர் திரும்பி எங்களைப் பார்த்தார். வேறு நாளாக இருந்தால் அந்தத் தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்திக் கூப்பிட்டிருப்பார். அன்று உதட்டை இறுக்கி மூடியிருந்தார். பையை எடுத்துக்கொண்டு நடந்தார். அவர் வாய் மூடி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

எழுத உட்கார்ந்தது அக்காவைப் பற்றி. ஆனால் அவளை எங்கிருந்து தொடங்கினாலும் அந்த வேலிக்குத்தான் வந்து சேருகிறேன்.

சின்ன வயதில் அக்காவுக்கு வீட்டில் ரேடியோ என்று பெயர். எந்த வீட்டில் சண்டை, யாருக்கு மாற்றல், எந்தக் கல்யாணம் நின்றுபோனது, எல்லாம் முதலில் அவள் வாயிலிருந்துதான் வரும். அம்மா சலவைக் கடையில் நாள் முழுக்க இஸ்திரி போட்டுவிட்டு வந்து, காலை நீட்டி உட்கார்ந்து, "ரேடியோவைப் போடு" என்பாள். அக்கா தொடங்குவாள். அப்பா இல்லாத வீட்டில் எங்களுக்கு வேறு பொழுதுபோக்கு கிடையாது.

அப்படிப்பட்டவள் பல் சுகாதாரப் படிப்பில் சேர்ந்தாள். முதல் மாதமே வகுப்பில் ஒரு உறுதிமொழி எடுக்கச் சொன்னார்களாம். நோயாளியின் நாற்காலியில் கேட்டது நாற்காலியோடு போக வேண்டும். எல்லாப் பிள்ளைகளும் கோரஸாகப் படித்துவிட்டு கேண்டீனுக்குப் போய்விட்டார்கள். இவள் மட்டும் அதை நெஞ்சில் எழுதிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

"இன்னிக்கு யாருடி வந்தா?" அம்மா கேட்பாள்.

"வந்தாங்க."

"யாருன்னு கேட்டேன்."

"வாய் வலின்னு ஒருத்தங்க வந்தாங்கம்மா."

"பேரே கிடையாதா அந்த வாய்க்கு?" அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். "நல்ல படிப்புடி இது. ஊரார் வாயையெல்லாம் திறந்து பார்த்துட்டு வந்து தன் வாயை மூடிக்கிறா. கட்டுப்படியாகல எனக்கு."

மளிகைக் கடைக்காரர் போட்டிருப்பது கட்டுப் பல்லா சொந்தப் பல்லா என்பது அம்மாவின் வெகுநாள் சந்தேகம். அவர் பல் காட்ட அக்காவின் கல்லூரிக்குத்தான் போய் வருகிறார் என்று தெரிந்தும் கடைசிவரை அவளால் அதைக் கறக்க முடியவில்லை. "ஆமாம்னா தலையை ஆட்டு, இல்லைன்னா சும்மா இரு" என்று ஒருநாள் பார்த்தாள். அக்கா சும்மா இருந்தாள். "அப்போ சொந்தப் பல்லு!" என்றாள் அம்மா. "நான் சும்மா இருந்தா சும்மா இருக்கேன்னுதான் அர்த்தம்" என்றாள் அக்கா. அன்று சிரித்தோம்.

அந்தப் படிப்பில் ஒரு வேடிக்கை உண்டு. மாணவிகள் தங்களுக்கான நோயாளியைத் தாங்களே பிடித்து வர வேண்டும். பல்லில் லேசான அழுக்கு இத்தனை பேர், கெட்டிப்பட்ட கனத்த காரை இத்தனை பேர் என்று ஒவ்வொரு பருவத்துக்கும் கணக்கு இருக்கிறது. நல்ல பல் எதற்கும் உதவாது. அக்காவும் அவள் தோழிகளும் பேருந்து நிறுத்தத்தில் யாராவது சிரித்தால், பசித்தவர்கள் பிரியாணிக் கடையைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். "எனக்கு ஒரு கனமான கேஸ் குடுடி, நான் உனக்கு ரெண்டு லேசான கேஸ் தர்றேன்" என்று போனில் பேரம் நடக்கும். அம்மாவுக்கு அழகான பல். "பெத்தவளால ஒரு பிரயோஜனம் இல்ல" என்று அக்கா நொந்துகொள்வாள்.

கடைசி வருஷம் அவளுக்கு ஒரு அபூர்வமான கேஸ் தேவைப்பட்டது. அப்போதுதான் நான் விசில் டீச்சரைச் சொன்னேன்.

டீச்சர் எனக்கும் அந்த வட்டாரத்துப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கும் நீச்சல் கற்றுத் தந்தவர். வாயில் எப்போதும் விசில் இருக்கும். அதைக் கடித்துக் கடித்து மேல் முன்பல்லின் ஓரத்தில் அரிசி அளவுக்கு ஒரு பள்ளம் விழுந்திருந்தது. விசில் இல்லாத நேரத்தில் வாயைப் பிளந்து, "காலை அடி! காலை அடி! தூங்கறதுக்கு வீட்டுல கட்டில் இல்லையா?" என்று கத்துவார். அவருடைய முன்பற்களில் பழுப்பாக ஒரு கறை இருந்தது. டீயும் புகையிலையும் காரணமில்லை. குளத்துத் தண்ணீரில் போடும் மருந்தில் வருஷக்கணக்காக ஊறுகிறவர்களுக்கு மட்டும் படிகிற கறை அது. நான் வர்ணித்ததும் அக்கா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தே விட்டாள்.

"நாளைக்கே கூட்டிட்டு வா. வேற யார்கிட்டயும் சொல்லிடாதே, தட்டிட்டுப் போயிடுவாளுங்க."

நான் டீச்சரைக் கூட்டிப்போய் வரவேற்பில் விட்டுவிட்டு வந்தேன். உள்ளே நடந்ததை வெகு நாட்களுக்குப் பிறகு, இப்போதுதான், டீச்சரே போனில் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

அந்தக் கூடத்தில் நாற்காலிகள் வரிசையாக இருக்கும். நடுவில் தோள் உயரத்துக்குத் தடுப்புப் பலகைகள். இந்த நாற்காலியில் இருமினால் அந்த நாற்காலியில் கேட்கும். அதனால் மாணவிகள் குனிந்து காதருகே கேள்வி கேட்பார்கள். டீச்சருக்கு ரகசியமாகப் பேச வராது. "சர்க்கரை இல்ல! பிரஷர் இல்ல!" என்று கூடம் முழுக்கக் கேட்கப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். தினமும் ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று அக்கா கேட்டதும் நிறுத்திவிட்டார்.

அவர் ஈறுகள் பற்களின் பாதிவரை வீங்கி ஏறியிருந்ததை அக்கா ஏற்கெனவே பார்த்துவிட்டாள். எந்த மருந்துக்கு ஈறு அப்படி வளரும் என்று அவள் படித்திருந்தாள். காத்திருந்தாள். டீச்சர் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, காதில் மெதுவாகச் சொன்னார். வலிப்பு. சின்ன வயதில் வந்தது. மாத்திரையில் அடங்கிப் பல வருஷம் ஆகிறது. தனியாக ஒருநாளும் தண்ணீரில் இறங்கியதில்லை, இன்னொரு நீச்சல் காவலர் கரையில் நிற்காமல் வகுப்பைத் தொடங்கியதில்லை. ஆனால் குளத்தில் யாருக்கும் தெரியாது.

"தெரிஞ்சா அன்னிக்கே சீட்டு கிழிஞ்சிடும், பொண்ணு."

"இங்கேருந்து வெளிய போகாது டீச்சர்."

ஒரே வாயில் இரண்டு அபூர்வம். குளத்துக் கறையும் மாத்திரையால் வளர்ந்த ஈறும். அந்தத் துறையில் யாரும் அதுவரை இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. வகுப்பு ஆய்வுக்குப் படம் எடுத்துக்கொள்ளலாமா, படத்தைக் காட்சிக்கு வைக்கலாமா என்று அக்கா கேட்டாள்.

"என் மூஞ்சி வருமா?"

"வராது. பல்லு மட்டும்தான். முகம் தெரியாது, டீச்சர்."

டீச்சர் கையெழுத்துப் போட்டார்.

அக்கா அந்தப் படங்களில் எவ்வளவு கவனமாக இருந்தாள் என்பதை நான் வீட்டில் பார்த்தேன். என்னை அறையைவிட்டு வெளியே தள்ளிவிட்டுத்தான் கணினியைத் திறப்பாள். மூக்கை வெட்டினாள், தாடையை வெட்டினாள், உதட்டோரத்து மச்சத்தையும் வெட்டினாள். பெயர் இல்லை, வயது இல்லை. தொழிலை மட்டும் எடுக்க முடியவில்லை. கறைக்குக் காரணமே குளம்தான். சுத்தம் செய்வதற்கு முன், செய்த பின் என்று இரண்டு வரிசையாக, வாயைப் பிளந்த பற்கள். கீழே இரண்டு வரி: நீச்சல் குளத்தில் பணி, வலிப்புக்கு நீண்டகால மருந்து. மேற்பார்வை பார்த்த மேடம் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்துவிட்டு, "யாருடைய வாயாவும் இருக்கலாம். வெரி குட்" என்றாராம்.

நாளெல்லாம் வாயையே பார்க்கிறவர்களுக்கு வாய்க்கு முகம் இருப்பது மறந்துபோகும் போலிருக்கிறது. அவர்களுக்கு அது ஈறு, காரை, தேய்மானம். விசில் கடித்த பள்ளத்துக்குக்கூட அக்காவிடம் ஒரு துறைப் பெயர் இருந்தது.

கல்லூரியில் பொதுமக்கள் வந்து பார்க்கும் நாள் ஒன்று உண்டு. இலவசப் பரிசோதனை நடக்கும். நடைவழிச் சுவரில் மாணவிகளின் படங்கள் தொங்கும். எங்கள் மாடி வீட்டுக்காரம்மா தன் ஆறு வயது மகளோடு வந்திருந்தாள். அக்கா வெள்ளைக் கோட்டோடு தன் படத்தருகில் நின்றிருந்தாள். குழந்தை அண்ணாந்து பார்த்தது. ஒரு காலைத் தூக்கி உதைத்தது.

"அம்மா, விசில் டீச்சர்!"

"என்னடி உளர்றே? எங்கே?"

"இதோ! காலை அடி, காலை அடி!"

தண்ணீரில் மல்லாந்து மிதக்கிற பிள்ளைக்கு டீச்சர் எப்படித் தெரிவார்? கண் தெரியாது, மூக்கு தெரியாது. தலைக்கு மேல் பிளந்த வாய் மட்டும்தான் தெரியும். அந்த வட்டாரத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் டீச்சர் என்றால் அந்த மேல்வரிசைப் பற்கள்தான். இது எனக்குத் தெரியும். அக்கா நீச்சல் கற்றுக்கொண்டதே இல்லை.

மாடி வீட்டுக்காரம்மா சிரித்துக்கொண்டே குனிந்து கீழே இருந்த இரண்டு வரிகளைப் படித்தாள். சிரிப்பு நின்றது. அக்கா பதறிப்போய்ச் சுவரிலிருந்து படத்தைக் கழற்றினாள். அதைச் செய்திருக்கக் கூடாது. ஒரு குழந்தை சொன்னதை அவள் கையே ஆமாம் என்று சொல்லிவிட்டது.

மறுநாள் அக்கா முதலில் மேடத்திடம் போனாள். மேடம், துறைக் குழுவிடம் சொல்ல வேண்டும், நோயாளியிடமும் நீயே போய்ச் சொல்ல வேண்டும் என்றார். "யாராவது வந்து கேட்டா ஆமாம்னும் சொல்லாதே, இல்லைன்னும் சொல்லாதே. அது யாரோட வாய்னு சொல்ற உரிமை அந்த வாய்க்கு மட்டும்தான் இருக்கு."

அன்று மாலையே குளத்துக்குப் போனாள். நானும் கூடப் போனேன், வாசலோடு நின்றுவிட்டேன். வகுப்பு முடிந்து பிள்ளைகள் துண்டைப் போர்த்திக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தார்கள். அக்கா சொல்லச் சொல்ல டீச்சரின் கை விசிலைப் பிடித்தபடியே இருந்தது. ஒரு தடவைதான் அவர் குரல் வாசல்வரை வந்தது.

"முகம் தெரியாதுன்னுதானே சொன்னே?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். டீச்சர் குரலைத் தாழ்த்தி ஏதோ சொன்னார். திரும்பி வரும்போது என்ன சொன்னார் என்று கேட்டேன். அக்கா நடையை எட்டிப் போட்டாள்.

அந்த வார முடிவில் குளத்து மேலாளர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கெட்டவர் இல்லை. நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். அம்மா கொடுத்த டீ அவர் கையிலேயே ஆறியது.

"பெத்தவங்க நாலு பேர் வந்து ஆபீஸ்ல உட்கார்ந்துட்டாங்கம்மா. எனக்கு வேற வழி இல்ல. அந்தப் படத்துல இருக்கிறது எங்க டீச்சரா?"

"சொல்ல முடியாது சார்."

"நான் பிடுங்கிட்டுப் போக வரல. இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லு, எழுந்து போயிடறேன். சின்னப் பிள்ளை உளறிடுச்சுன்னு அவங்ககிட்ட சொல்லிக்கிறேன்."

அக்கா சுவரைப் பார்த்தாள்.

"இல்லைன்னு சொல்லேண்டி," என்றாள் அம்மா. அவளுக்கு முழு விவரம் தெரியாது. ஆனால் மனிதரின் முகத்தைப் பார்த்தே எந்தச் சொல்லுக்காக வந்திருக்கிறார் என்று புரிந்துகொண்டாள். "ஒரு வார்த்தைதானே? வாயில என்ன கொழுக்கட்டையா?"

"சொல்ல முடியாதும்மா. யாரைப் பத்தி யார் கேட்டாலும் சொல்ல முடியாது."

மேலாளர் டீயைக் கீழே வைத்தார். "சரிம்மா. புரிஞ்சுபோச்சு."

"உங்களுக்கு என்ன புரிஞ்சுது?" அக்கா சட்டென்று நிமிர்ந்தாள். "நான் ஒண்ணும் சொல்லலையே சார்!"

"அதைத்தான் சொல்றேன்," என்று செருப்பை மாட்டிக்கொண்டார்.

மளிகைக் கடைக்காரரின் பல்லுக்குச் சும்மா இருந்தபோது நாங்கள் சிரித்தோம். இந்தச் சும்மாவுக்கு ஊர் வேறு அர்த்தம் எடுத்தது.

மேலாளர் நேராகக் குளத்துக்குப் போய் டீச்சரிடமே கேட்டார். டீச்சர் பொய் சொல்லவில்லை. வாசலில் நுழைவுச் சீட்டு கொடுக்கும் வேலை தருகிறேன், தண்ணீர்ப் பக்கம் மட்டும் வர வேண்டாம் என்றார் மேலாளர். "கூண்டுக்குள்ள உட்கார்ந்து தண்ணியைப் பார்த்துக்கிட்டிருக்கச் சொல்றீங்களா?" என்று டீச்சர் விசிலைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டாராம். இதெல்லாம் தெருவுக்கே தெரிந்தது. தெருவுக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. அதை அக்கா, டீச்சர் ஊரைவிட்டுப் போன அன்று, வேலிக்கு எதிரே நின்றபோது சொன்னாள்.

"அன்னிக்குக் குளத்துல அவங்களும் அதையேதான் கேட்டாங்க. யாராவது வந்தா இல்லைன்னு சொல்லிடு பொண்ணுன்னு."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "சொல்லித் தொலைச்சிருக்கலாமே! யாருக்காக இந்த அரிச்சந்திர வேஷம்?"

"இவங்களுக்கு இல்லைன்னு சொல்லிட்டா, நாளைக்கு இன்னொருத்தங்களுக்குச் சொல்ல முடியாதுன்னு சொன்னா அது ஆமாம்னு ஆகிடும்ல?"

"நாளைக்கு வரப்போற யாரோ ஒருத்தருக்காக இவங்களை விட்டுட்டியா?"

அவள் கம்பி வேலியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "பிள்ளைங்க இருக்காங்கடி தண்ணிக்குள்ள," என்றாள் கடைசியில். "எந்தக் காரணத்துக்காக வாயை மூடிக்கிட்டேன்னு எனக்கே தெரியல."

நான் பிடித்திருந்த அவள் கையை விட்டுவிட்டேன்.

துறைக் குழு அவளைக் கூப்பிட்டது. சம்மதக் கையெழுத்து இருக்கிறது, பெயர் இல்லை, மேடம் பார்த்து ஒப்புதல் தந்திருக்கிறார். எச்சரிக்கையோடு விட்டுவிடும் எண்ணத்தில்தான் இருந்தார்களாம். இவள்தான் எழுந்து, "கையெழுத்து போட்டாங்க சார். நான் முகம் தெரியாதுன்னு சொன்னதை நம்பிப் போட்டாங்க. நான் சொன்னது தப்பு. அப்போ அந்தக் கையெழுத்து எதுக்குச் செல்லும்?" என்று கேட்டாள். ஒரு பருவம் நோயாளி யாரையும் தொடக் கூடாது என்று நிறுத்திவைத்தார்கள். தோழிகள் பட்டம் வாங்கிப் போனார்கள். அவள் பல் பொம்மைகளை வைத்துக்கொண்டு ஒரு பருவம் பின்தங்கினாள். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்: "தானாப் போய்த் தலையைக் குடுக்கறதுக்கு ஒரு படிப்பு!"

அதற்கப்புறம் நான் ஊரில் தங்கவில்லை. எனக்கு ஓர் இடத்தில் கால் நிற்காது. விடுதிகளில் படுக்கை விரித்தேன், கப்பலில் பாத்திரம் துலக்கினேன். மொழி தெரியாத ஊர்களில் வாயைப் பார்த்து ஆளைப் படிக்கிற பழக்கம் வந்தது. அதுவும் அக்காவிடமிருந்து ஒட்டிக்கொண்டதுதான். போனில் பேசும்போதெல்லாம் அவள் ஊர்க்கதை எதுவும் சொல்ல மாட்டாள். மழை பெய்தது என்பாள்.

திரும்பி வந்து பார்த்தால், அவள் ஒரு சின்னப் பல் மருத்துவமனையில் வேலை பார்க்கிறாள். முடியில் இரண்டொரு நரை. குளத்துச் சாலை குறுக்குவழி, ஆனால் சுற்றிக்கொண்டுதான் போகிறாள். எனக்குப் பல் சுத்தம் செய்யப் போனபோது பார்த்தேன். பக்கத்து நாற்காலியில் ஓர் இளைஞனின் பல்லைப் படம் எடுத்துவிட்டுத் திரையை அவன் பக்கம் திருப்பினாள். "இதை உங்க வீட்டுல யாராவது பார்த்தா உங்களைக் கண்டுபிடிச்சிடுவாங்களா?" என்று கேட்டாள். அவன், "பல்லுதானே மேடம், யாருக்குத் தெரியப் போகுது?" என்றான். "யோசிச்சுச் சொல்லுங்க" என்று அவள் கருவியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தாள். பின்னால் நின்ற டாக்டர் கடிகாரத்தைப் பார்த்துப் பல்லைக் கடித்தார்.

போன மாதம் ஒரு மாலை, மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அக்காவின் போனுக்கு ஒரு படம் வந்தது. பெயரில்லாத எண். பார்த்தாள், பழக்கத்தில் போனைக் கவிழ்த்து வைத்தாள். அடுத்த நொடியே எடுத்துக்கொண்டு எழுந்து, அடுப்படி விளக்கின் கீழே போய் நின்றாள். விரலால் படத்தைப் பெரிதாக்குவதும், கிட்டே வைத்துப் பார்ப்பதுமாக இருந்தாள்.

"யாருடி அது?" என்றாள் அம்மா.

"சொல்ல முடியாது." குரல் உடைந்திருந்தது.

"தொடங்கிட்டாளா? நான் சாகறதுக்குள்ள ஒரே ஒரு செய்தி சொல்லிடுடி, போதும்."

அக்கா ஏதோ தட்டி அனுப்பினாள். உட்காராமல் அங்கேயே நின்றாள். சாதம் தட்டில் காய்ந்தது. போன் மறுபடி ஒலித்தது. படித்தாள். ஈரக் கண்ணோடு வந்து போனை என் கையில் கொடுத்தாள்.

படத்தில் ஒரு வாய். மூக்கு இல்லை, தாடை இல்லை. ஈறுகள் வீக்கம் வடிந்து ஒழுங்காக இருந்தன, மருந்தை மாற்றியிருக்க வேண்டும். மேல் முன்பல்லின் ஓரத்தில் அரிசி அளவுப் பள்ளம். பற்களின் மேல், புதிதாக, பழுப்பாகக் கறை. அதற்குக் கீழே அக்கா அனுப்பியிருந்தது: "எந்தக் குளம், டீச்சர்?"

அதற்கு வந்த பதில்:

"பார்த்ததும் சொல்லிட்டே பாரு! சின்னக் குளம்தான், பெரியவங்களுக்குச் சொல்லித் தர்றேன். வலிப்பு விஷயத்தை முதல் நாளே நானே சொல்லிட்டுத்தான் சேர்ந்தேன். ரெண்டு இடத்துல வேண்டாம்னாங்க, மூணாவது இடத்துல கூட எப்பவும் ஒரு ஆள் நிப்பாங்கன்னா சரின்னாங்க. உன் மேல கோபம் போயிடுச்சான்னு கேட்காதே, சொல்ல முடியாது. உன் தங்கச்சி ஊர் சுத்திட்டு வந்துட்டாளாமே, அவளுக்கும் இதைக் காட்டு. நான் சொல்றேன், காட்டலாம்."